ஊசி வேண்டாம், சிரிஞ்சு போதும்

தக்கலையில் ஒரு மெடிக்கல் ஷாப்பில் போய் 10 மி.லி. சிரிஞ்சு இரண்டு கேட்டேன். ஊசி வேண்டாம், சிரிஞ்சு மட்டும் போதும் என்றேன். கவுண்டரில் இருந்தவர் கையில் எடுத்ததைக் கீழே வைத்துவிட்டு என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"யாருக்கு?"

"சைக்கிளுக்கு."

"வெளையாடாதீங்க சார்."

விளையாடவில்லை. மலை சைக்கிளின் முன்பக்க ஃபோர்க்கில் (முன்சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு குலுக்கலைத் தாங்குகிற இரண்டு கால் கவட்டை) ஒவ்வொரு காலுக்குள்ளும் அளந்து ஆயில் விட வேண்டும், அடியில் இருக்கிற போல்ட் ஓட்டை வழியாகத்தான் விட வேண்டும், அந்த ஓட்டையில் கச்சிதமாக உட்காருவது சிரிஞ்சின் மூக்கு ஒன்றுதான் என்று போனில் படம் காட்டி விளக்கினேன். அவர் நம்பினாரா என்று தெரியவில்லை. பின்னால் மருந்துச் சீட்டோடு நின்ற ஒரு அம்மா "எதையாவது குடுத்து அனுப்புங்க, நேரம் ஆவுதுல்லா" என்று சொன்ன பிறகுதான் சிரிஞ்சு கைக்கு வந்தது.

இப்படி ஒவ்வொரு சாமானாகச் சேர்க்க எனக்கு எட்டு மாதம் ஆனது. ஃபோர்க் சர்வீஸ் செய்யத் தேவையான கருவிகள் கன்னியாகுமரி மாவட்டத்தில் கிடைக்குமா என்று கேட்டால், கிடைக்கும், ஆனால் சைக்கிள் கடையில் கிடைக்காது. மருந்துக் கடை, லேத் பட்டறை, பைக் ஸ்பேர் பார்ட்ஸ் கடை, பிளம்பிங் கடை, மீன் ஏலம் விடுகிற இடம் என்று சிதறிக் கிடக்கிறது. எதை இப்படி ஒப்பேற்றலாம், எதை ஒப்பேற்றவே கூடாது என்பதைக் கண்டுபிடிக்கத்தான் காலம் பிடித்தது, கொஞ்சம் காசும் போனது.

என் சைக்கிள் திருவனந்தபுரத்தில் ஒருவரிடம் செகண்ட் ஹேண்டில் வாங்கியது. முன்னால் ராக்‌ஷாக்ஸ் ரீகான் ஃபோர்க், 32 மி.மீ. பைப், 120 மி.மீ. இறங்கி ஏறும், உள்ளே ஸ்பிரிங் கம்பி கிடையாது, காற்றுதான். சனி ஞாயிறு காலையில் குலசேகரம் தாண்டி பேச்சிப்பாறைப் பக்கம் ரப்பர் தோட்டங்களுக்கு இடையில் போகிற செம்மண் பாதைகளில் ஓட்டுவேன். நம் மாவட்டத்தில் மழைக்கு இரண்டு சீசன். ஜூனில் ஒன்று, அது ஓய்ந்து துணி காய்வதற்குள் அக்டோபரில் இன்னொன்று. அதனால் வருஷத்தில் பாதி நாள் அந்தப் பாதை சேறுதான். சேறு போதாது என்று எப்போதாவது மணவாளக்குறிச்சி கடற்கரைக்கும் கொண்டுபோய்விடுவேன். அது நான் செய்த பெரிய தப்பு. அந்தக் கருமணலில் இல்மனைட், மோனசைட் எல்லாம் இருப்பது ஊருக்கே தெரியும், கார்னெட்டும் இருக்கிறது. கார்னெட் என்பது உப்புத்தாள் செய்கிற சாமான். அது நைஸாக வந்து ஃபோர்க்கின் தூசி சீல் (பைப்பைச் சுற்றித் தூசியைத் தடுக்கிற ரப்பர்) விளிம்பில் ஒட்டிக்கொண்டால், ஒவ்வொரு முறை ஃபோர்க் இறங்கி ஏறும்போதும் பளபளப்பான பைப்பை நாமே உப்புத்தாள் போட்டுத் தேய்க்கிற மாதிரிதான்.

போகப் போக ஃபோர்க் மக்கர் செய்ய ஆரம்பித்தது. சின்னக் கல் ஏறினால் முதல் ஒரு இஞ்சு அசையவே மறுக்கும், அப்புறம் திடுக்கென்று இறங்கும். கை மரத்துப்போகும். ராக்‌ஷாக்ஸை 2002இல் ஸ்ராம் கம்பெனி வாங்கிவிட்டதால் சர்வீஸ் புத்தகமெல்லாம் ஸ்ராம் பெயரில்தான் இணையத்தில் கிடைக்கிறது. அதை இறக்கிப் பார்த்தால், ஓட்டிய ஒவ்வொரு 50 மணி நேரத்துக்கும் கீழ்க்கால்களைக் கழற்றித் துடைத்து ஆயில் மாற்ற வேண்டும் என்று இருக்கிறது. வாரத்துக்கு ஆறு மணி நேரம் ஓட்டுகிற எனக்கு அது இரண்டு மாதம். நான் இரண்டு வருஷமாக வெளியே துணி போட்டுத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

பக்கத்து ஊர் சைக்கிள் கடையில் காட்டினால் "புதுசு மாத்திருங்க" என்றார்கள். ஒரு பெரிய நகரத்துக் கடைக்கு (பெயர் வேண்டாம்) பார்சல் போட்டேன். ஒரு மாதம் கழித்து வந்தது. வெளியே பளபளவென்று இருந்தது, சீலின் மடிப்பில் மட்டும் என் பழைய செம்மண் அப்படியே உட்கார்ந்திருந்தது. அன்றைக்குத்தான் நாமே செய்வது என்று முடிவு செய்தேன்.

முதலில் போனது ஊரில் இருக்கிற பைக் மெக்கானிக் அண்ணனிடம். சைக்கிள் ஃபோர்க்கை அவர் பிரித்ததே இல்லை, ஆனால் நான் படத்தைக் காட்டியதும் "இது நம்ம ஃபோர்க் வேலதானே" என்றார். ஸ்டாஞ்சன் என்று நான் வாயில் நுழையாமல் சொன்னதை அவர் ஃபோர்க் பைப் என்றார், அதன் மேல் வழுக்குகிற வெளிக்காலை பாட்டம் கேஸ் என்றார், அப்புறம் ஆயில் சீல், சர்க்ளிப், வாஷர் என்று எல்லாமே அவர் தினமும் புழங்குகிற வார்த்தைகள். எனக்குப் பாதி பயம் அங்கேயே போய்விட்டது. அவர் சொன்ன ஒரு விஷயத்தை மட்டும் கேட்கவில்லை, அது எல்லாவற்றையும் பெட்ரோலில் கழுவுவது. புத்தகம் ஐசோபுரப்பைல் ஆல்கஹால் என்கிறது. அது நாகர்கோவிலில் லேப் சாமான் விற்கிற கடையில் கிடைத்தது, ஒரு லிட்டர் வாங்கினால் வருஷக்கணக்கில் வரும்.

சீலைப் பற்றி இங்கே ஒன்று சொல்ல வேண்டும். எங்கள் வீட்டில் கொஞ்சம் ரப்பர் உண்டு. அப்பா ஒருநாள் பழைய சீலைக் கையில் வாங்கி அமுக்கிப் பார்த்துவிட்டு, இது நம்ம ரப்பரா என்று கேட்டார். இல்லை. நம் ஊர் மரத்துப் பாலில் செய்த ரப்பர் பெட்ரோலிய எண்ணெய் பட்டால் ஊறி உப்பிவிடும், அதனால் இந்த மாதிரி ஆயில் சீலெல்லாம் நைட்ரைல் என்கிற செயற்கை ரப்பரில் செய்கிறார்கள். மாவட்டம் முழுக்க ரப்பர் மரம் நிற்கிறது, ஒரு ஃபோர்க் சீலுக்கு ஆன்லைனில் ஆர்டர் போட்டுப் பத்து நாள் காத்திருக்க வேண்டியிருக்கிறது என்று அப்பாவுக்கு ஒரே வருத்தம்.

சரி, சாக்கெட் கதைக்கு வருகிறேன்.

காற்று இருக்கிற இடது காலின் தலையில் ஒரு அலுமினிய மூடி உண்டு. 24 மி.மீ. சாக்கெட் போட்டுக் கழற்ற வேண்டும். 24 சாக்கெட் என்ன பெரிய விஷயம், எந்த ஹார்டுவேர் கடையிலும் உண்டு, வாங்கினேன். காற்றை முழுக்கத் திறந்துவிட்டேன் (இதை மறந்துவிட்டு மூடியைத் திறந்தால் மூடி முகத்துக்கு வரும், காற்றை இறக்கிவிட்டு ஃபோர்க்கை ஒருமுறை அமுக்கி மறுபடியும் வால்வை அழுத்திப் பார்த்துவிடுங்கள்). ரேட்செட் போட்டு ஒரு இழு இழுத்தேன். கிரீச் என்று ஒரு சத்தம். மூடி அசையவில்லை, அதன் ஆறு மூலைகளில் இரண்டு மழுங்கி, அலுமினியத் துருவல் வெள்ளி மாதிரி என் விரலில் ஒட்டியிருந்தது.

ஏன் என்று புரிய ஒரு வாரம் ஆனது. சாதாரண சாக்கெட்டின் வாயைத் திருப்பி வெளிச்சத்தில் பாருங்கள். உள்விளிம்பு நேராக இருக்காது, சின்னதாக ஒரு சரிவு வெட்டியிருப்பார்கள், நட்டுக்கு மேல் சுலபமாக நழுவி உட்காருவதற்காக. லாரி நட்டுக்கு அது நல்லது, நட்டுதான் விரல் கனத்துக்கு இருக்கிறதே. ஃபோர்க் மூடியின் அறுகோணமோ சில மில்லிமீட்டர் உயரம்தான். அதில் பாதி அந்தச் சரிவிலேயே போய்விட்டால் சாக்கெட் பிடிப்பது மீதிப் பாதியை மட்டும். மூடியோ மெத்தென்ற அலுமினியம். வழுக்காமல் என்ன செய்யும்? போதாக்குறைக்கு நான் வாங்கியது பன்னிரண்டு மூலை சாக்கெட், ஆறு மூலைதான் வாங்கியிருக்க வேண்டும். வெளிநாட்டில் இதற்கென்றே வாய் தட்டையான சாக்கெட் விற்கிறார்கள். அந்த ஒரு சாக்கெட்டின் விலையில் இங்கே ஒரு முழு சாக்கெட் செட் வாங்கலாம்.

ஆறு மூலை சாக்கெட் ஒன்றைப் புதிதாக வாங்கிக்கொண்டு நாகர்கோவில் கோட்டாறில் ஒரு லேத் பட்டறைக்குப் போனேன். ஸ்டிக்கர்கூடக் கிழிக்காத சாக்கெட்டைக் கையில் கொடுத்து, இதன் வாயிலிருந்து இரண்டு மில்லிமீட்டர் தட்டையாக எடுத்துத் தாருங்கள் அண்ணாச்சி என்றேன்.

"நல்ல சாமானுல்லா இது. எதுக்குடே வெட்டச் சொல்லுகே?"

மழுங்கிய மூடியை எடுத்துக் காட்டினேன். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, சாக்கெட் வாயில் கட்டைவிரல் நகத்தை விட்டு ஒரு சுற்று சுற்றினார். நகம் எங்கே வழுக்குகிறது, எங்கே நிற்கிறது என்று பார்க்கிறார். பிறகு மூடியை உள்ளே வைத்து ஆட்டிப் பார்த்தார். வேறு விளக்கமே தேவைப்படவில்லை. "சவம், இது பிடிக்கவே செய்யாதே" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். சாக்கெட் கெட்டி இரும்பு, சாதா டூல் நிற்காது என்று கார்பைடு டூலை மாட்டி, சக்கில் சாக்கெட்டைப் பின்பக்கமாகப் பிடித்து, கையால் சுற்றி ஆட்டம் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு ஓடவிட்டார். முதலில் குரோம் பூச்சு ஒரு சுருள் மாதிரி உரிந்து வந்தது. பிறகு நீலமும் மஞ்சளுமாகத் துகள். நடுவில் நிறுத்தி நிறுத்தித் தண்ணீர் விட்டார், சூடேறினால் சாக்கெட்டின் கெட்டித்தனம் போய்விடும் என்றார். "பைய பையத்தான் எடுக்கணும்." பத்து நிமிஷம், எண்பது ரூபாய். வீட்டில் கொண்டுவந்து அந்த மழுங்கிய மூடி மேலேயே வைத்தேன், கையால் மேலிருந்து அழுத்திப் பிடித்துக்கொண்டு இழுத்தேன், கடக் என்று விட்டது.

கிரைண்டிங் சக்கரத்தில் கையால் பிடித்துத் தேய்த்தால் போதாதா என்று கேட்பீர்கள். தேய்க்கலாம், ஆனால் வாய் ஒரு பக்கம் சாய்ந்துவிடும், மறுபடியும் அதே வழுக்கல்தான்.

அடி போல்ட் இன்னொரு பாடம். பாட்டம் கேஸின் அடியில் காலுக்கு ஒன்றாக இரண்டு போல்ட், 5 மி.மீ. அல்லன் கீ. அதைக் கழற்றினால் மட்டும் கால் வந்துவிடாது, உள்ளே இருக்கிற தண்டு அடியில் இறுகப் பிடித்திருக்கும். போல்ட்டை மூன்று நான்கு சுற்று மட்டும் தளர்த்திவிட்டு, அதன் தலையில் ரப்பர் சுத்தியலால் ஒரு தட்டு தட்டினால் தண்டு பிடியை விடும். பிறகு போல்ட்டை முழுக்க எடுக்கலாம். நான் அவசரத்தில் போல்ட்டைக் கிட்டத்தட்ட முழுக்கவே வெளியே எடுத்துவிட்டு, மிச்சமிருந்த ஒன்றிரண்டு மரையில் தொங்கியதை இரும்புச் சுத்தியலால் தட்டினேன். போல்ட்டின் முதல் மரை நசுங்கியது. உள்தண்டின் மரை தப்பியது என் அதிர்ஷ்டம், இல்லாவிட்டால் தண்டையே மாற்ற வேண்டியிருந்திருக்கும். ஃபாக்ஸ் என்கிற வேறு கம்பெனி ஃபோர்க் வைத்திருக்கிற என் நண்பனுக்கு இந்த வழியும் சரிப்படாது. அதில் அடியில் நட்டு, தண்டின் மரை வெளியே நீட்டிக்கொண்டிருக்கும், அதில் நேராகத் தட்டினால் தண்டு போச்சு. அதற்கென்று தண்டின் மரையில் மாட்டித் தட்டுகிற ஒரு கருவி இருக்கிறது, அதை வாங்கத்தான் வேண்டும்.

சர்க்ளிப் (உள்தண்டு வெளியே வராமல் பிடித்து நிறுத்துகிற வளைய கிளிப்) எடுக்கிற பிளேயர் பைக் ஸ்பேர் கடையில் கிடைத்தது. உள்பக்க சர்க்ளிப்புக்கானது, அதாவது கைப்பிடியை அமுக்கினால் மூக்கு சுருங்குவது. மூக்கு தடிமனாக இருந்ததால் அரம் போட்டு மெலிதாக்கினேன். அந்த கிளிப் பைப்புக்குள் ஆழத்தில் உட்கார்ந்திருக்கும், எடுக்கும்போது விரலால் தண்டை உள்ளே அழுத்திக்கொண்டு எடுங்கள், துணி ஒன்றைப் போட்டு மூடிக்கொள்ளுங்கள். என்னுடையது முதல் தடவை பறந்துபோய் அடுப்படியில் கிடைத்தது.

பழைய தூசி சீலை எடுக்க ஒரு பழைய குழிக்கரண்டியின் காம்பு போதும், அடியில் பனியன் துணியை மடித்து வைத்து நெம்ப வேண்டும், பாட்டம் கேஸின் விளிம்பில் கீறல் விழக் கூடாது. ஸ்குரூ டிரைவர் வேண்டாம், அது ஆழமாகப் போய் உள்ளே இருக்கிற புஷ்ஷைக் கீறும். புது சீலை உள்ளே தட்டி உட்கார வைக்கத்தான் சமமான வட்டக் கருவி வேண்டும். கடையில் விற்கிற சீல் டிரைவருக்குப் பதில், வெர்னியரையும் புது சீலையும் எடுத்துக்கொண்டு பிளம்பிங் கடைக்குப் போய், சீலின் வெளி உலோக வளையத்தில் மட்டும் உட்காருகிற, உதட்டு ரப்பரைத் தொடாத ஒரு பிவிசி துண்டைத் தேடி எடுத்தேன். கடைக்காரர் பெட்டி பெட்டியாக இறக்கிக் கொடுத்தார். ஏழாவது துண்டு சரியாக இருந்தது, அதற்குக் காசு வாங்கவில்லை. வெட்டிய முனையை மட்டும் கண்ணாடி மேல் உப்புத்தாள் வைத்துத் தேய்த்துச் சமமாக்கிக்கொண்டேன்.

டார்க் ரெஞ்சுக்கு நான் கண்டுபிடித்த வழிதான் எனக்கே ரொம்பப் பிடித்தது. அடி போல்ட்டை 7.3 நியூட்டன் மீட்டருக்கு இறுக்க வேண்டும் என்கிறது புத்தகம். மெக்கானிக் அண்ணனிடம் இருந்த டார்க் ரெஞ்சு 20இல்தான் ஆரம்பிக்கிறது, கார் வீலுக்கானது. பாட்டம் கேஸ் மெக்னீசியம், கண்டபடி இறுக்கினால் தாங்காது, தளர்வாக விட்டால் ஆயில் ஒழுகும். அப்போதுதான் குளச்சலில் மீன் எடை போடுகிற தொங்கு தராசு ஞாபகம் வந்தது, அத்தான் வீட்டில் ஒன்று சும்மா கிடந்தது. பள்ளிக்கூடத்துக் கணக்குதான். 7.3ஐ 9.8ஆல் வகுத்தால் ஒரு மீட்டர் நீளக் கைப்பிடிக்கு முக்கால் கிலோவுக்குக் கொஞ்சம் குறைவு. என் ரேட்செட்டில் போல்ட்டின் மையத்திலிருந்து 20 செ.மீ. தள்ளி ஒரு நூல் கட்டி, அதில் தராசுக் கொக்கியை மாட்டி, கைப்பிடிக்குச் செங்குத்தாக இழுத்தால் 3.7 கிலோ காட்டும்போது 7.3 நியூட்டன் மீட்டர். சாய்த்து இழுத்தால் கணக்கு தப்பும். தராசில் இன்னும் லேசாக நெத்திலி வாடை இருக்கிறது.

இனி ஒப்பேற்றவே கூடாத சாமான்கள். முதலாவது ஷாக் பம்பு. ஃபோர்க்குக்குள் இருக்கிற காற்றின் கொள்ளளவு ரொம்பக் கொஞ்சம், என் எடைக்கு 85 பிஎஸ்ஐ வைக்கிறேன், வால்வு என்னவோ கார் டயர் வால்வு மாதிரியேதான். அதனாலேயே ஆட்கள் பஞ்சர் கடையில் கொண்டுபோய் நிறுத்திவிடுகிறார்கள். அங்கே கம்ப்ரஸர் ஹோஸை வைத்த மாத்திரத்தில் முள் எங்கே போய் நிற்கும் என்று யாருக்கும் தெரியாது, சீல் கிழிந்தாலும் ஆச்சரியமில்லை. சாதாரண நின்று அடிக்கிற பம்பிலும் ஒரு அடிக்கு ஏகப்பட்ட காற்று போகும், ஹோஸை எடுக்கும்போது பாதி வெளியே வரும். ஷாக் பம்பு குட்டியானது, ஒரு அடிக்கு ஒன்றிரண்டு பிஎஸ்ஐதான் ஏறும், அதுதான் வேண்டியது. ஆன்லைனில்தான் வாங்கினேன், வலித்தது, வேறு வழியில்லை.

இரண்டாவது கிரீஸ். பேரிங் கிரீஸை சீலில் தடவினால் ஆகாது. அது கெட்டி, சீல் ஒட்டிக்கொண்டு அதே பழைய முதல் இஞ்சு மக்கர் திரும்ப வரும். சீலுக்கென்றே வருகிற வழவழப்பான கிரீஸ் ஒரு சின்ன டப்பா வாங்கினால் போதும், சீலின் இரண்டு உதடுகளுக்கு நடுவில் விரல்நுனியால் தடவுகிற அளவுதான் செலவு.

ஆயில் விஷயத்தில் இரண்டு கட்சி இருக்கிறது, நான் நடுவில் நிற்கிறேன். பாட்டம் கேஸில் விடுகிற ஆயில் வெறும் வழுக்கலுக்குத்தான், சீலுக்கு அடியில் இருக்கிற ஸ்பாஞ்ச் வளையத்தை ஊறவைப்பதும் பைப்பை நனைப்பதும்தான் அதன் வேலை, அதனால் அங்கே நல்ல பைக் ஃபோர்க் ஆயில் விட்டாலும் ஃபோர்க் செத்துவிடாது. வலது காலின் டாம்பருக்குள் (ஃபோர்க் துள்ளாமல் அடக்குகிற பாகம்) இருக்கிற ஆயில் வேறு. ஃபோர்க் எவ்வளவு வேகமாகத் திரும்பி எழும்ப வேண்டும் என்பதே அதன் கெட்டியைப் பொறுத்தது. பாட்டில் மேல் 10 வெயிட் என்று போட்டிருந்தால் எல்லா கம்பெனியும் ஒரே கெட்டி என்று நினைக்காதீர்கள், அந்த எண்ணுக்குப் பொது அளவு கிடையாது. 40 டிகிரியில் எத்தனை சென்டிஸ்டோக்ஸ் (கெட்டியை அளக்கிற அலகு) என்று பின்பக்கம் பொடி எழுத்தில் இருப்பதைத்தான் ஒப்பிட வேண்டும். நான் டாம்பரை இன்னும் திறக்கவில்லை. திறக்கிற தைரியம் வரும்போது கம்பெனி சொன்ன ஆயிலையே வாங்குவேன்.

போன ஞாயிற்றுக்கிழமை எல்லாம் சேர்ந்தது. வராந்தாவில் பழைய பேப்பர் விரித்து, கால்களைக் கழற்றிக் கவிழ்த்தால் ஆயில் என்று சொல்ல ஒன்றுமே வரவில்லை. ஒரு கரண்டி அளவுக்கு ரசம் மாதிரி கலங்கலான தண்ணீர், அடியில் கறுப்பாக மணல். ஸ்பாஞ்ச் வளையத்தைப் பிழிந்தால் பேச்சிப்பாறைச் செம்மண். பைப்பை ஆல்கஹால் தொட்டுத் துடைத்து வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தேன், இடது பைப்பில் நகம் மாட்டாத அளவுக்கு மூன்று கோடு. நகம் மாட்டினால்தான் கவலைப்பட வேண்டும் என்று மெக்கானிக் அண்ணன் சொல்லியிருந்ததால் விட்டுவிட்டேன். வளையங்களை ஆயிலில் ஊறப்போட்டு, புது சீல் தட்டி, கிரீஸ் தடவி, பாட்டம் கேஸைப் பைப் மேல் பாதி மட்டும் ஏற்றி, சைக்கிளைத் தலைகீழாகச் சாய்த்து, சிரிஞ்சால் ஓட்டை வழியாக விட்டேன். பாதிதான் ஏற்ற வேண்டும், முழுக்க ஏற்றிவிட்டால் உள்தண்டின் துளை ஓட்டைக்கு நேராக வந்து ஆயில் எல்லாம் அதற்குள் போய்விடும். எத்தனை மி.லி. என்பது மாடலுக்கு மாடல், காலுக்குக் கால் மாறும், உங்கள் ஃபோர்க்குக்கான புத்தகத்தைப் பார்த்தே விடுங்கள்.

85 அடித்து, பைப்பில் இருக்கிற ரப்பர் வளையத்தைக் கீழே தள்ளிவிட்டு, சுவரைப் பிடித்துக்கொண்டு ஏறி உட்கார்ந்து மெதுவாக இறங்கினேன். வளையம் 31 மி.மீ. ஏறியிருந்தது. சும்மா ஏறி உட்கார்ந்தாலே ஃபோர்க் கால்பங்கு இறங்க வேண்டும், 120இல் கால்பங்கு 30, போதும். தெருவில் வேகத்தடையில் ஏற்றி இறக்கினேன், கைக்கு ஒன்றும் தெரியவில்லை. திரும்பி அதே வேகத்தடையில் இன்னும் இரண்டு முறை போனேன், எதிர்வீட்டு மாமி கேட்டைப் பிடித்துக்கொண்டு பார்த்துக்கொண்டே நின்றார்.

மறுநாள் காலையில் வராந்தா சிமெண்ட்டில், வலது காலுக்கு நேர் கீழே, ஐம்பது பைசா அளவுக்கு ஒரு ஆயில் பொட்டு. அடி போல்ட்டில் நசுங்கி உட்காருகிற ஒரு வாஷர் உண்டு, அது கெட்டிருந்தால் ஆயில் ஒழுகும், புதுசு போட்டிருக்க வேண்டும். நான் பழையதையே துடைத்துப் போட்டிருந்தேன். ஆன்லைனில் பார்த்தால் இரண்டு வாஷருக்கு வாஷர் விலையைவிட டெலிவரி கட்டணம் ஜாஸ்தி. நாளைக்குப் பழையதைப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு கோட்டாறு போகிறேன். அண்ணாச்சி செம்புத் தகட்டில் கடைந்து தருவாரா, இல்லை குளச்சலில் போட் இன்ஜின் வேலை பார்க்கிறவர்களிடம் இதே அளவில் ஏதாவது கிடைக்குமா என்று பார்க்க வேண்டும்.